தமிழை நிறுத்தச் சொல்வது சிகிச்சையன்று

‘வீட்டில் ஒரே மொழி பேசுங்கள். குழந்தையிடம் தமிழை நிறுத்திவிடுங்கள்.’

ஆட்டிசம் உடைய இளங்குழந்தைகளின் தாய்மார்களுக்குத் தடாவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வழங்கப்படும் அறிவுரைகளுள் மிக எளிதாகச் சொல்லப்படுவது இது. மிக அரிதாகக் கேள்விக்கு உள்ளாவதும் இதுவே. அண்மையில் ஒரு கருத்தரங்க மேடையிலும் ‘நடைமுறைப் பரிந்துரை’ என்ற பெயரில் இதே அறிவுரை ஒலித்தது. சான்று என்ன என்று கேட்க எழுந்தபோது நேரம் முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். அங்கே கேட்க இயலாததை இங்கே விரித்துக் கேட்கிறேன். பதிவு நீண்டது. ஆய்வாளரும் மாணவரும் பொறுமையுடன் படித்து, மறுப்பு இருப்பின் சான்றுடன் மறுக்க வேண்டுகிறேன்.

என் வாதம் இதுதான். ஆட்டிசம் உடைய இளங்குழந்தைக்கும் தாய்க்கும் இடையிலான உணர்வுப் பரிமாற்றம், தாயின் குரலும் முகமும் விளையாட்டும் தன்னியல்பாக இயங்குவதைச் சார்ந்திருக்கிறது. அவளுக்கு இயல்பாக வராத மொழியில் பேசச் சொல்வது, ஏற்கெனவே நலிந்திருக்கும் அந்தப் பரிமாற்றத்தைத் தாயின் பக்கத்திலிருந்தும் நலிவடையச் செய்வதாகும். அந்த அறிவுரைக்கு ஆய்வுகளின் துணை இல்லை. ஆய்வுகள் சுட்டுவது எதிர்த்திசையை.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று அரசு ஆவணங்களும் ‘மதியிறுக்கம்’ என்று இதழ்களும் எழுதுகின்றன. முன்னது குழந்தைக்குப் புற உலகமே இல்லை என்று தீர்ப்பெழுதுகிறது. பின்னது அதன் அறிவைப் பூட்டிவைக்கிறது. இரண்டையும் தவிர்த்து, மக்கள் வழங்கும் ‘ஆட்டிசம்’ என்ற சொல்லையே ஆள்கிறேன்.

1. எல்லைக்கோடும் அடுப்படி மொழியும்

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில், தமிழ்நாட்டின் ஆரம்பாக்கத்தை அடுத்து வரும் ஆந்திர நிலையம் தடா. கிழக்கே பழவேற்காட்டு ஏரி. மேற்கே ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையும் சத்தியவேடும். 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தது. படாஸ்கர் பரிந்துரையை ஒட்டிய எல்லை மாற்றம் 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்திற்குப் போயிற்று. 2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துத் திருப்பதி மாவட்டம் உருவாக்கப்பட்டது. நெல்லூரில் இருந்த தடாவும் சித்தூரில் இருந்த சத்தியவேடும் இன்று அந்த ஒரே மாவட்டத்தில் உள்ளன. கோடுகள் இவ்வாறு நகர்ந்தபோதும் அடுப்படியின் மொழி நகரவில்லை.

இங்கே ஒரு தமிழ் வீட்டில் வளரும் மூன்று வயதுக் குழந்தையின் செவியை எண்ணிப் பாருங்கள். தாய் கொஞ்சுவது தமிழில். ஆயா அதட்டுவதும் தமிழில். பக்கத்து வீட்டு அவ்வா ‘ரா நைனா’ என்று அழைப்பது தெலுங்கில். அங்கன்வாடியில் தெலுங்கு. கைப்பேசியில் ஆங்கிலமும் இந்தியும். அம்மாவே ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பாள். அதை எவரும் கலப்பென்று உணர்வதில்லை. அதுவே இவ்வூரின் பேச்சு.

இக்குழந்தைக்குப் பேச்சு வரவில்லை, அழைத்தால் திரும்புவதில்லை என்று தாய் அலையத் தொடங்குகிறாள். தெற்கே சென்னைக்குப் போனால், ‘பள்ளிக்கூடம் ஆங்கிலத்தில்தானே, ஆங்கிலத்திலேயே பேசிப் பழக்குங்கள்’ என்கிறார்கள். மேற்கே திருப்பதிக்கோ வடக்கே நெல்லூருக்கோ போனால், ‘தெலுங்கில் மட்டும் பேசுங்கள்’ என்கிறார்கள். இரு திசையிலும் கழித்துவிடப்படுவது, அவள் அந்தக் குழந்தையைப் பெற்ற நாள் முதல் பேசிவந்த மொழி.

2. புன்னகை எங்கே தவறிப்போகிறது?

1943-இல் லியோ கானர் 11 குழந்தைகளை விவரித்து எழுதிய கட்டுரையிலிருந்து ஆட்டிசம் பற்றிய நவீனச் சொல்லாடல் தொடங்குகிறது. அக்கட்டுரையின் தலைப்பே உணர்வுத் தொடர்பின் சீர்குலைவைப் பற்றியதுதான். அதன்பின் பல பத்தாண்டுகள், ‘இக்குழந்தைகள் தாயைப் பொருட்படுத்துவதில்லை, தாய்க்கும் அந்நியருக்கும் வேறுபாடு அறிவதில்லை’ என்ற கருத்து பாடநூல்களில் ஏறி உட்கார்ந்தது. அளந்து பார்த்தபோது அது நிற்கவில்லை. மரியன் சிக்மனும் ஜூடி உங்கரரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பிரிந்து சென்ற தாய் திரும்பி வந்தபோது இக்குழந்தைகள் அந்நியரைவிடத் தாயையே மிகுதியாக நாடினர். அன்னா ருட்கர்ஸ் குழுவினர் 2004-இல் செய்த தொகுப்பாய்வு, ஆட்டிசம் உடைய குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் தாயிடம் பாதுகாப்பான பற்றுறவு கொண்டிருந்ததைக் காட்டியது. பற்று இருக்கிறது. அது வெளிப்படும் வழிதான் வேறு.

அந்த வழி எங்கே வேறுபடுகிறது என்பதை நுட்பமாகக் காட்டியது, ஜெரால்டின் டாசன் குழுவினர் 1990-இல் வெளியிட்ட ஆய்வு. ஆட்டிசம் உடைய 16 இளங்குழந்தைகளும் அவர்களுடைய தாய்மாரும் விளையாடுவதையும் முகம் பார்த்து அமர்ந்திருப்பதையும் பதிவு செய்து, வழக்கமான வளர்ச்சியுடைய குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். தாயின் முகத்தைப் பார்க்கும் தடவைகளிலும் நேரத்திலும் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முகம் பார்த்து அமர்ந்த சூழலில் புன்னகையின் எண்ணிக்கையிலும் இல்லை. பார்வையையும் புன்னகையையும் ஒரே செயலில் இணைப்பதில்தான் வேறுபாடு இருந்தது. குழந்தை பார்க்கிறது, குழந்தை சிரிக்கிறது, பார்த்துக்கொண்டே சிரிப்பது அரிது. தாய் சிரிக்கும்போது பதிலுக்குச் சிரிப்பதும் அரிது.

அவ்வாய்வின் அடுத்த முடிவு நம் விவாதத்திற்கு இன்றியமையாதது. இத்தாய்மாரும் மற்றத் தாய்மாரைவிடக் குறைவாகவே சிரித்தனர். குழந்தை சிரித்தபோது பதிலுக்குச் சிரிப்பதும் குறைந்திருந்தது. காரணத்தை ஆய்வாளர்கள் தாயின் நெஞ்சில் தேடவில்லை. குழந்தையின் வழக்கத்திற்கு மாறான உணர்வு வெளிப்பாடு எதிரில் இருப்பவரின் நடத்தையையும் மாற்றக்கூடும் என்றார்கள். எளிய கணக்குத்தான். கண்ணோடு கண் சேராத சிரிப்பை ‘எனக்கான சிரிப்பு’ என்று ஒருத்தி எவ்வாறு அறிவாள்? நூறு முறை சிரித்து மறுமொழி பெறாதவள் நூற்றோராவது முறை சிரிக்கத் தயங்குவதில் என்ன வியப்பு?

ஆக, இது ஒரு சுழற்சி. குழந்தையின் குறிப்பு தாய்க்குப் புலப்படுவதில்லை. தாயின் மறுமொழி தளர்கிறது. தளர்ந்த மறுமொழி குழந்தைக்கு இன்னும் மங்கலாகிறது. டேமியன் மில்டன் என்னும் ஆட்டிசம் உடைய அறிஞர் 2012-இல் ‘இருவழிப் பரிவுச் சிக்கல்’ என்று பெயரிட்டது இந்த இயல்பைத்தான்: புரியாமை ஒருவருக்குள் இருக்கும் குறையன்று; இருவேறு இயல்பினர் சந்திக்கும் இடத்தில் இரு திசையிலும் நேர்வது.

இந்தச் சுழற்சியில் தாயின் கையில் எஞ்சியிருப்பது என்ன? அவளுடைய குரலின் ஏற்ற இறக்கம், முகக் குறிப்பு, நொடிப்பொழுதில் வந்து விழும் கொஞ்சல். மழலைக்குப் பேசும் பேச்சில் பொருளைச் சுமப்பது சொல்லைவிட இசையே என்பதை ஆன் ஃபெர்னால்ட் 1989-இல் எடுத்துக்காட்டினார். இப்போது அவளிடம் போய், ‘தமிழை நிறுத்து’ என்கிறோம். அவள் என்ன செய்வாள்? பள்ளியில் படித்த ஆங்கிலத்தைத் திரட்டி, ‘கம், சிட், லுக், ஈட்’ என்கிறாள். கட்டளைகள் வருகின்றன, கொஞ்சல் வருவதில்லை. சரியான சொல்லைத் தேடும் முயற்சியில் முகம் இறுகுகிறது. குழந்தை சிரிக்கும் அந்த ஒரு நொடியில் அவள் அடுத்த வாக்கியத்தை மனத்திற்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறாள். டாசன் கண்ட சுழற்சியை வேகப்படுத்த விரும்புவோர் இதைவிடச் சிறந்த வழியைக் கண்டுபிடிக்க இயலாது.

3. பழைய குற்றச்சாட்டின் புதிய வடிவங்கள்

இந்த அறிவுரை தனித்து முளைத்ததன்று. அதற்கு ஒரு மூதாதை உண்டு. கானர் தம் முதற் கட்டுரையில் இக்குழந்தைகளின் இயல்பு பிறவியிலேயே அமைந்தது என்று எழுதியவர். ஆயினும் பெற்றோரின் குளிர்ந்த போக்கைப் பற்றியும் குறிப்பிட்டார். 1949-இல் எழுதிய கட்டுரையில் அப்போக்கைக் குளிர்பதனப் பெட்டியோடு ஒப்பிட்டார். புருனோ பெட்டல்ஹைம் 1967-இல் வெளியிட்ட ‘வெற்றுக் கோட்டை’ என்னும் நூல் அதை ஒரு கோட்பாடாகவே விரித்தது. ‘குளிர்பதனப் பெட்டித் தாய்’ என்ற பழி ஒரு தலைமுறைப் பெண்களின் மேல் விழுந்தது. ஆட்டிசம் உடைய மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964-இலேயே நரம்பியல் அடிப்படையை வலியுறுத்தி அதை மறுத்திருந்தார். 1969-இல் பெற்றோர் கூடிய அவையில், பெற்றோர் குற்றமற்றவர்கள் என்று கானரே அறிவித்தார்.

வழக்கு முடிந்துவிட்டது என்று நாம் வகுப்பில் பாடம் நடத்துகிறோம். ஆனால் தடாவில் வழக்கு முடியவில்லை. ஸ்ரீசிட்டியில் முறைப்பணிக்குச் செல்லும் தாயிடம், ‘வேலை வேலை என்று போனால் பிள்ளை எப்படிப் பேசும்?’ என்கிறார்கள். வேலைக்குப் போகாதவளிடம், ‘கைப்பேசியைக் கொடுத்துக் கெடுத்துவிட்டாய், இது மெய்ந்நிகர் ஆட்டிசம்’ என்கிறார்கள். அப்படி ஒரு நோய்ப்பெயர் 2013-இல் வெளிவந்த டி.எஸ்.எம்.-5 கையேட்டில் இல்லை என்பதை எவரும் அவளுக்குச் சொல்வதில்லை. ‘இரண்டு மொழி பேசிக் குழப்பிவிட்டாய்’ என்பது இந்த வரிசையின் மூன்றாம் குற்றச்சாட்டு. கண்ணியமான உடை அணிந்திருப்பதால் அதை நாம் அறிவியல் என்று நினைத்துக்கொள்கிறோம். தந்தையின் மொழியைப் பற்றி எவரேனும் கேட்டதுண்டா? தொலைக்காட்சியின் மொழியைப் பற்றி? திருத்தப்பட வேண்டியவள் எப்போதும் தாய் ஒருத்தியே.

4. அம்புலியைக் காட்டும் விரல்

தமிழாய்வு மாணவர்களுக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைத்தமிழின் பருவங்களை நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறோம்: காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்று. அவற்றை ஒரு வளர்ச்சி உளவியலாளரின் கண்ணால் மீண்டும் பாருங்கள். சப்பாணி என்பது கைகொட்டல்; பிறர் செயலைப் பார்த்துச் செய்தல். வாரானை, அழைக்கும் குரலுக்கு எழுந்து வருதல். முத்தம், கேட்டதைத் திருப்பிக் கொடுத்தல். அம்புலி, ஒருவர் சுட்டும் பொருளை மற்றவரும் நோக்கி, அந்த நோக்கைப் பகிர்ந்துகொள்ளுதல். இன்றைய ஆய்வுமொழியில் கூட்டுக் கவனம். 2001-இல் டயானா ராபின்ஸ் குழுவினர் வெளியிட்ட எம்-சாட் என்னும் தொடக்கநிலை வினாநிரல், குழந்தை பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா, விரலால் சுட்டுகிறதா, பிறரைப் பார்த்துச் செய்கிறதா என்று கேட்கிறது. தமிழ்த் தாய் காலங்காலமாகத் தன் குழந்தையோடு ஆடிவந்த ஆட்டங்களின் பட்டியலை ஒத்ததுதான் அதுவும்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தப் பருவங்கள் ஒவ்வொன்றும் ஆட்டிசம் உடைய குழந்தையின் தாய்க்கு நிறைவேறாத ஒரு வாசலாகவும் இருக்கின்றன. நிலவைக் காட்டும் விரலைக் குழந்தை பார்க்கிறது, நிலவைப் பார்ப்பதில்லை. ‘வா’ என்றால் வருவதில்லை. ஊரார் பட்டியலை வைத்துக்கொண்டு எண்ணுகிறார்கள். அந்த வேதனையைக் கவிதையால் மூடக் கூடாது.

ஆயினும் அந்த ஆட்டங்களின் அமைப்பைக் கவனியுங்கள். ஒரே சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. தாளம் மாறுவதில்லை. அடுத்து என்ன நடக்கும் என்பது முன்பே தெரியும். உடலசைவும் ஓசையும் இணைகின்றன. குழந்தையின் முறை வரும் இடத்தில் ஓர் இடைவெளி காத்திருக்கிறது. முன்கூட்டியே அறியத்தக்க ஒழுங்கை நாடும் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான உரையாடல் வடிவம் எது? சாய்ந்தாடலும் கைவீசலும் தாய்க்குத் தமிழிலோ தெலுங்கிலோ ஏற்கெனவே தெரியும். அவற்றை ஒதுக்கிவைத்து, அச்சிட்ட படஅட்டையைக் காட்டி ஆங்கிலத்தில் ‘ஆப்பிள்’ சொல்லவைப்பதைச் சிகிச்சை என்கிறோம். அட்டை தேவையில்லை என்பதன்று என் கருத்து. அட்டைக்காக ஆட்டத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள் என்பதே.

5. ஆய்வுகள் சொல்வது

இருமொழிச் சூழல் ஆட்டிசம் உடைய குழந்தையின் மொழி வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறதா? இந்தக் கேள்வி நேரடியாகவே ஆராயப்பட்டிருக்கிறது. கனடாவின் மான்ட்ரியலில் கேத்தரின் ஹாம்ப்ளியும் எரிக் ஃபோம்போனும் 75 குழந்தைகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவு: இருமொழிச் சூழலில் வளர்ந்தோருக்கு ஒருமொழிச் சூழலில் வளர்ந்தோரைவிடக் கூடுதலான மொழித் தாமதம் இல்லை. அதே ஆண்டில் சீனமும் ஆங்கிலமும் பேசும் குழந்தைகளைப் பற்றி வந்த ஆய்வும் இதே திசையைக் காட்டிற்று. டவுன் நோய்க்குறி உடைய இருமொழிக் குழந்தைகள் பற்றி 2005-இல் வந்த ஆய்வும் அவ்வாறே.

மொழியை நிறுத்தியதால் என்ன நிகழ்ந்தது என்பதையும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் குடியேறிய பன்மொழிக் குடும்பங்களைப் பற்றி டமார் கிரெமர்-சாட்லிக் 2005-இல் எழுதினார். ஆங்கிலம் மட்டும் பேசுமாறு அக்குடும்பங்களுக்கு வல்லுநர்கள் அறிவுறுத்தினர். விளைவு, வீட்டில் எல்லோரும் தத்தம் மொழியில் பேசிச் சிரிக்க, அக்குழந்தை மட்டும் அந்தப் பேச்சின் வெளியே நின்றது. உறவாடலில் இடர்ப்படும் குழந்தைக்கு உறவாடும் வாய்ப்பையே குறைத்துவிட்டு, உதவினோம் என்று எண்ணியிருக்கிறார்கள். பெட்டி யூ 2013-இல் வெளியிட்ட ஆய்வுக்காகச் சந்தித்த சீனத் தாய்மார் பலர், தமக்குச் சரளமில்லாத ஆங்கிலத்திலேயே குழந்தையிடம் பேச முயன்றார்கள். தம் மொழி குழந்தையைக் குழப்பும் என்ற அச்சமே காரணம். தடாவின் ஆயா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள், அதே காட்சி.

6. எதிர்வரும் கேள்விகள்

‘இந்த ஆய்வுகளின் மாதிரிகள் சிறியவை, வெளிநாட்டவை’ என்பீர்கள். உண்மை. ஆனால் மெய்ப்பிக்கும் சுமை யாருக்கு? ஒரு குடும்பத்தின் மொழியை நிறுத்தச் சொல்வது பெரிய தலையீடு. மருந்தொன்றை நிறுத்தச் சொல்லும் மருத்துவர் காரணம் காட்டக் கடமைப்பட்டவர் அல்லவா? சிறிய மாதிரி ஒருபுறம். வெறும் ஊகம் மறுபுறம். தராசு எப்பக்கம் சாயும்?

‘குழந்தைக்கு ஒரு சொல்லே வரவில்லை, இரண்டு மொழி எதற்கு?’ என்பீர்கள். குழந்தை இரண்டு மொழி பேச வேண்டும் என்று எவரும் இங்கே வாதிடவில்லை. தாய் தனக்கு வரும் மொழியில் பேசட்டும் என்பதே வாதம். குழந்தை பேசும் மொழியும் குழந்தையிடம் பேசப்படும் மொழியும் வேறு வேறு கேள்விகள்.

‘பள்ளியின் மொழி தெலுங்கோ ஆங்கிலமோ ஆயிற்றே’ என்பீர்கள். பள்ளியின் மொழியைப் பள்ளி கற்றுத்தரட்டும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, இயன்றவரை பயிற்றுமொழி குழந்தையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. 2007-இல் இந்தியா ஏற்புறுதி அளித்த மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையின் 30-ஆம் உறுப்பு, அவர்களுடைய பண்பாட்டு, மொழி அடையாளத்தை மதிக்கச் சொல்கிறது. பேசாத குழந்தைக்கும் மொழியுரிமை உண்டு.

‘எங்கள் சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாதே’ என்பதுதான் பெரும்பாலும் சொல்லப்படாத உண்மைக் காரணம். அது நிறுவனத்தின் குறை. நிறுவனத்தின் குறையைக் குழந்தையின் நோய்க்குறியாக மாற்றி எழுதுவது நேர்மையன்று. இந்தக் குறை மதிப்பீட்டிலும் நுழைகிறது. நம் நாட்டில் சான்றிதழுக்குப் பயன்படும் ‘ஈசா’ என்னும் இந்திய அளவுகோலில் 40 கூறுகள் உள்ளன. கண்பார்வை சேர்வதில்லையா, சமூகப் புன்னகை இல்லையா என்பன அதன் தொடக்கத்திலேயே வருகின்றன. உணர்வு வெளிப்பாட்டிற்குத் தனிப்பகுதியே உண்டு. அதிகாலையில் ரயிலேறி, கூட்டத்தில் காத்திருந்து, கேட்டறியாத மொழியில் பேசும் அந்நியரின் முன் நிறுத்தப்படும் தடாக் குழந்தையின் புன்னகையை அந்த அறையில் எண்ணுவதால் எதை அளந்தவர்களாவோம்?

இறுதியாக, ‘இது தமிழ்ப் பற்றின் முழக்கம்’ என்பீர்கள். அன்று. அனெட்டா பாவ்லென்கோ 2004-இல் பன்மொழிப் பெற்றோரைப் பற்றி எழுதும்போது, முதல்மொழியே எப்போதும் உணர்ச்சியின் மொழி என்று முடிவுகட்ட முடியாது என்று காட்டினார். தமிழ் வீட்டில் மருமகளாக வந்த தெலுங்குப் பெண்ணுக்குக் கொஞ்சல் தெலுங்கில்தான் வரும் எனில், அவளைத் தமிழில் பேசச் சொல்வதையும் இதே உறுதியோடு எதிர்ப்பேன். இரண்டும் கலந்தே வரும் எனில் கலந்தே பேசட்டும். தாயின் முகம் எந்த மொழியில் தளர்ந்து மலர்கிறதோ, அதுவே அந்த வீட்டின் சிகிச்சைமொழி.

7. செய்யத்தக்கவை

மாற்று வழி கற்பனையன்று. பிரிட்டனில் உருவான பெற்றோர்வழித் தொடர்பாடல் முறையைத் தெற்காசியாவுக்கேற்ப மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 2 முதல் 9 வயது வரையுள்ள 65 குழந்தைகளிடம் சோதித்து, அதன் முடிவை 2016-இல் வெளியிட்டார்கள். ‘பாஸ்’ என்பது அதன் பெயர். பயிற்சி அளித்தவர்கள் பெரும் நிபுணர்கள் அல்லர், பயிற்றுவிக்கப்பட்ட களப்பணியாளர்கள். தாயும் குழந்தையும் விளையாடுவதைப் படம்பிடித்து, தாயோடு அமர்ந்து பார்த்து, ‘இதோ, இந்த நொடியில் அவன் உங்களை நாடினான்’ என்று காட்டுவதே முறையின் உயிர். டாசன் ஆய்வில் தாய்க்குப் புலப்படாமல் போன குறிப்பை இங்கே மீட்டுத் தருகிறார்கள். குழந்தையின் கவனத்தை ஒட்டிய தாயின் மறுமொழி கூடிற்று. குழந்தை தானாகத் தொடங்கும் தொடர்பாடலும் கூடிற்று. எல்லாம் கூடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: பகிர்ந்த கவனத்தில் கழிந்த நேரம் குறைந்தே போயிற்று. ஆனால் நாம் கொள்ள வேண்டிய பாடம் தெளிவானது. குழந்தை நோக்கும் பொருளைக் கண்டு, அந்த நொடியிலேயே அதையொட்டிச் சொல்லும் ஒரு சொல் தாய்க்கு எந்த மொழியில் வரும்? தேடாமல் வரும் மொழியில் மட்டுமே.

ஆகவே, மூன்று கோரிக்கைகள்.

சிகிச்சைத் துறையினருக்கு: மொழியைப் பற்றி அறிவுரை கூறும்முன், வீட்டில் யார் எந்த மொழியில் கொஞ்சுகிறார்கள், எந்த மொழியில் அதட்டுகிறார்கள், எந்த மொழியில் பாடுகிறார்கள் என்று கேளுங்கள். பத்து நிமிடம் போதும். உங்களுக்குத் தமிழ் தெரியாவிடில், ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லுங்கள். ‘நீ பேசாதே’ என்று சொல்லாதீர்கள்.

பல்கலைக்கழகங்களுக்கு: திருப்பதியில் வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் இருக்கின்றன, குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எல்லைப்புறத் தாய்மாரின் மழலைப் பேச்சு, அதன் கலப்பு, அதன் தாளம் ஆகியவை மொழியியலுக்கும் உளவியலுக்கும் பொதுவான ஆய்வுக்களம். பிள்ளைத்தமிழ் அணிநலன்களைப் பற்றி இன்னுமோர் ஆய்வேடு எழுதுவதற்குப் பதிலாக, ஒரு முறை சுள்ளூர்பேட்டை ரயிலில் ஏறித் தடாவில் இறங்குங்கள்.

மாணவர்களுக்கு: 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே இல்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும், பின்னர் 21 வகைகளைப் பட்டியலிட்ட 2016-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது இடம்பெற்றது. சட்டம் பெயரளவிலேனும் வந்து சேர்ந்துவிட்டது. அறிவு வந்து சேரவில்லை. மேலே சொன்ன ஆய்வுகளுள் ஒன்றையேனும் தமிழிலும் தெலுங்கிலும் இரண்டு பக்கத்தில் எளிமையாக எழுதி, தடா ரயில் நிலையத்தில் காத்திருக்கும் ஒரு தாயின் கையில் கொடுங்கள்.

கொடுக்கும்போது இதையும் சொல்லுங்கள்: ‘அம்மா, அடுத்த முறை யாராவது தமிழை நிறுத்தச் சொன்னால், எந்த ஆய்வில் அப்படிச் சொல்லியிருக்கிறது என்று கேளுங்கள். பதில் வரும்வரை பிள்ளையிடம் பேசிக்கொண்டே இருங்கள்.’